தட்டைத் துடைக்கிற வரைக்கும்

இத்தாலியில் மோந்தேசோஸ்தா என்னும் மலையூரில், ஊருக்குள் கடைசி ஆள் மத்தியானச் சாப்பாட்டை முடித்து, தட்டில் ஒட்டியிருக்கும் குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துத் துடைத்து வாயில் போட்டுக்கொள்கிற வரைக்கும், சூரியன் மணிக்கூண்டுக்கு நேர் மேலே நின்றுகொண்டிருக்கும். இது எப்போது தொடங்கியது, எதனால் நடக்கிறது என்று அந்த ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. நீங்கள் போய்க் கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பொழுதைப் போகவிடுவார்களா உங்கள் ஊரில் என்று பரிதாபமாகத் திருப்பிக் கேட்பார்கள். கீழே பள்ளத்தாக்கில் நேரம் அதுபாட்டுக்குப் போகும், ரயில் வரும், பள்ளிக்கூடம் விடும், கடைகளைத் திறந்து அடைப்பார்கள். மேலே, பழைய மதில் சுவருக்குள் மட்டும், நிழலெல்லாம் அவரவர் காலடியில் சுருண்டு கிடக்கும். கடைசித் தட்டைத் துடைத்ததும் சூரியன் ஒரு குலுங்கு குலுங்கி, வண்டியைத் தவறவிட்ட ஆள் மாதிரி மேற்கே ஓட்டமாக ஓடி, பள்ளத்தாக்கின் பொழுதை எட்டிப் பிடித்துக்கொள்ளும்.

இப்படியொரு ஊரில் குடியிருக்க ஒரு பக்குவம் வேண்டும், அது அவர்களுக்குப் பிறப்பிலேயே வந்திருந்தது. மொட்டை மாடிகளில் தக்காளியை நறுக்கிக் காயப்போட்ட நாட்களில் பல் போன ஓர் ஆளுக்குக் கொண்டைக்கடலையை வேகவைத்துக் கொடுத்து ஒவ்வொன்றாகத் தின்னச் சொல்லி உட்காரவைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான பையன் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எப்போதடா இருட்டும் என்று பார்க்கிற நாளில், அவன் மாமன்மார் வேண்டுமென்றே ஆளுக்கு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேர் ஓர் ஆலிவ் மரத்துக்காகச் சண்டை போட்டு, நீ முடித்தால்தான் நான் முடிப்பேன் என்று வீம்புக்குத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட, கீழே ஒரு திருவிழாவே தொடங்கி முடிந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் அசந்து தூங்கிய நேரம் பார்த்து ஒரு பூனை வந்து இரண்டு தட்டையும் நக்கியது, சூரியனும் கிளம்பிவிட்டது. பூனை நக்கினாலும் முடித்ததுதான் என்று அன்றிலிருந்து ஊரில் ஒரு தீர்ப்பு. சீக்கிரம் சாப்பிடு என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது அங்கே கெட்ட வார்த்தை.

அந்த ஊருக்குத்தான் கோமதிநாயகம் வந்து சேர்ந்தார். நம்முடைய தெற்கத்திச் சீமையில், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டில் வேலைக்காலம் முழுக்க டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதி வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியவர், சோற்றை நின்றுகொண்டே தின்று பழகியவர். வீட்டிலும் அப்படித்தான், மனைவி சண்முகவடிவு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டு வருவதற்குள் அவர் மோர்ச் சோறு வரைக்கும் முடித்துத் தட்டிலேயே தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவியிருப்பார். அதன் பிறகு வடிவு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நனைத்ததே கிடையாது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் பூரணிதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் நாலு நாட்டைப் பார்த்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்க, அவள், "அப்பா, ஒரே ஊரு, ஒரே வீடு. போய்ச் சும்மா இருந்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"சும்மா இருக்கதுக்கு எதுக்குட்டி ஏரோப்ளேன் ஏறணும்? அத இங்கன இருந்தே செய்யலாம்லா" என்றார் அவர்.

"இங்கன என்னைக்குச் சும்மா இருந்திருக்கீக?" என்றாள் வடிவு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர்கள் தங்கிய வீடு அசுந்தா என்ற பெண்மணியுடையது. மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கீழே அவளும் அவள் புருஷன் நஜாரேனோவும் இருந்தார்கள். நஜாரேனோ நெஞ்சு பலவீனப்பட்டு, தெருவைப் பார்த்த ஜன்னலோரமாகக் கட்டிலில் கிடந்தார். போகிற வருகிற எல்லாரும் அந்த ஜன்னலில் தலையை நீட்டி ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனார்கள்.

முதல் நாள் மத்தியானம் அசுந்தா தக்காளிக் குழம்பில் பிரட்டிய பாஸ்தா வைத்தாள். இவர்கள் சைவம் என்று பூரணி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அசுந்தா சீஸைத் துருவிக்கொண்டு வருவதற்குள் கோமதிநாயகம் முடித்துவிட்டு, டம்ளர் தண்ணீரைத் தட்டில் ஊற்றி, விரல்களை அலசி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, மதிலோரம் ஒரு நடை போய்வரக் கிளம்பிவிட்டார். அசுந்தா வாயில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தட்டையே பார்த்தாள். வடிவு என்னவோ ஏதோ என்று பதறி, தன் தட்டிலிருந்ததை மளமளவென்று தின்று, அசுந்தாவைப் பார்த்து ரொட்டியால் தட்டையும் துடைத்து முடித்தாள்.

அப்புறம்தான் கூத்து. ஊரில் எல்லாரும் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் துடைத்தாயிற்று, சூரியன் அசையவில்லை. ரொட்டி சுடுகிறவர் ஜன்னலைத் திறந்து மேலே பார்த்துவிட்டு மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். யாருக்கும் கோபமில்லை, யாரோ ருசித்துச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் கீழே ரயில் நிலையத்தில் விளக்கு எரியத் தொடங்கியபோது, யார் வீட்டுத் தட்டு அது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்து, கடைசியில் அசுந்தா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர்ப் பாதிரியார் வந்தார். ஒருவர் சாப்பிட்டு முடித்தாரா என்று கேட்கிற உரிமை அங்கே பாதிரியாருக்கு மட்டும்தான் உண்டு.

"அண்ணாச்சி, சாப்பிட்டு முடிச்சாச்சா?" என்று கேட்டார் அவர், சுத்தமான உவரித் தமிழில். ஃபாதர் இஞ்ஞாசி நம் தெற்கத்திச் சீமையின் உவரிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். எப்படியோ இந்த மலை உச்சியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

நடையிலிருந்து திரும்பியிருந்த கோமதிநாயகத்துக்குத் தமிழைக் கேட்ட சந்தோஷம். "அது அப்பமே முடிஞ்சுட்டே சாமி. கையும் கழுவியாச்சு."

"கைய எங்கன வச்சுக் கழுவுனிய?"

"தட்டுலதான். பொறவு?"

ஃபாதர் அதை இத்தாலிய மொழியில் சொன்னதும் கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. "அண்ணாச்சி, இங்க ரொட்டியால தொடச்சாத்தான் சாப்பாடு முடிஞ்ச கணக்கு. நீங்க தொடைக்கல. சூரியன் உங்க தட்டையே பாத்துக்கிட்டு நிக்கி."

கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொழுதடைகிற நேரத்தைக் காட்டியது. வானத்தைப் பார்த்தார், உச்சி வெயில். கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டினார். வடிவு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்து, "நின்னா நிக்கட்டும். நீங்க சாப்புட்டு முடிக்கதுக்குக் காத்துக்கெடக்க ஒரு ஆளாவது கெடச்சுதே" என்றாள். யாருக்கும் காத்திருக்காத மனுஷனுக்காகச் சூரியன் காத்திருக்கிறதே என்கிற கேலி அதில் இருந்தது.

பிறகென்ன, அசுந்தா பத்திரமாக எடுத்து வைத்திருந்த அந்தத் தட்டைக் கொண்டுவர, கைகழுவிய தண்ணீரில் ஒரு ரொட்டித் துண்டை முக்கி, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் விழுங்கினார். சூரியன் குலுங்கி ஓடியது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து அசுந்தா தண்ணீர் டம்ளரை அவர் கைக்கு எட்டாத தூரத்தில்தான் வைத்தாள்.

காலை வெயிலுக்கு முன்னால் ஒரே நடையில் அந்த ஊரை அவர் பார்த்து முடித்துவிட்டார்: ஒரு மணிக்கூண்டு, ஒரு கோயில், அதன் சுவரில் பாதி அழிந்த தேவதைகள், நீரூற்று, சாய்ந்து போகும் கல் தெரு, அவ்வளவுதான். இனி என்ன என்று வடிவிடம் கேட்டார், அசுந்தாவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஆனாலும் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார்கள், இடையிடையே சிரிப்பு வேறு. வேறு வழியில்லாமல் மறுநாளும் அதே தெருவில் நடந்தார். அதற்கு மறுநாளும் நடந்தார். நடக்க நடக்க, முதலில் கண்ணில் படாததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: நீரூற்றின் விளிம்பில் குடம் வைத்து வைத்துக் கல் குழிந்திருந்தது, தேவதைகளில் ஒன்றுக்கு ஆறாவது விரல் இருந்தது, ரொட்டிக்காரர் முதல் ரொட்டியை யாருக்கும் விற்காமல் தானே பிய்த்து முகர்ந்து பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டில் அசுந்தா சீஸைத் துருவிக்கொண்டு வருகிற வரைக்கும் பொறுத்திருக்கவும் பழகிக்கொண்டார். அதில் அவருக்கே கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சாயங்காலங்களில் நஜாரேனோவின் கட்டிலருகே போய் உட்காருவார். ஃபாதர் இஞ்ஞாசி நடுவில் இருந்து இந்தப் பேச்சை அங்கேயும் அந்தப் பேச்சை இங்கேயும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இவர் டைம் கீப்பர் என்று கேள்விப்பட்டதும் நஜாரேனோ இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். அவர் மலைக்கும் பள்ளத்தாக்கு ரயில் நிலையத்துக்கும் நடுவே ஓடிய ஒரே பஸ்ஸின் டிரைவராக இருந்தவர். ஒருநாள்கூட அந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பியது கிடையாது. செருப்பைத் தேடுகிறவளுக்காக நின்றார், தப்பிப்போன கோழியைப் பிடிக்கிறவனுக்காக நின்றார், பரீட்சைக்குப் பேனா மறந்த பிள்ளைக்காக வண்டியைப் பின்னால் ஓட்டிக்கொண்டே வீட்டு வாசல் வரைக்கும் போனார்.

"கண்ணாடியில ஒரு ஆளு ஓடி வாரது தெரிஞ்சா, காலு எப்படி ஆக்சிலேட்டர அமுக்கும்னு கேக்காரு" என்றார் ஃபாதர்.

"ஒரு ஆளுக்காக நின்னா உள்ள உக்காந்திருக்க அம்பது பேருக்கு யாரு பதில் சொல்லுதது? கேளுங்க சாமி."

நஜாரேனோ கூரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். "அந்த அம்பது பேரும் இதே மாதிரி இவரு நின்னு ஏத்துனவங்கதானாம். அதனால யாரும் கேக்க மாட்டாங்களாம்" என்றார் ஃபாதர். கோமதிநாயகம் தலைவலிக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டார்.

தலைவலி இல்லை. வடிவின் அப்பா வேப்பங்குளத்தில் கடைசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வேப்பங்குளத்துக்கு அந்தக் காலத்தில் மத்தியானம் ஒரு வண்டி, பொழுதடைய ஒரு வண்டி, அவ்வளவுதான். ஆள் வந்து சேதி சொன்னதும் வடிவு உடுத்தின சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தாள், அவள் டீக்கடையைத் தாண்டி ஓடி வருவதை இவர் பார்த்தார், வண்டிக்கு நேரமாகிவிட்டது, விசிலை ஊதினார். அடுத்த வண்டியில் அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். அவர் தன்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டார், அதைச் சொல்ல ஒரு நாளும் அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

பிறகு ஒருநாள் காலையில், பள்ளத்தாக்கிலிருந்து வந்த டாக்டர் நஜாரேனோவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, அசுந்தாவை வாசலுக்குக் கூட்டிப்போய், இவர் இன்றைய இருட்டைப் பார்க்க மாட்டார் என்று சொன்னார். ஒரே மகள் லூச்சியா மெல்போர்னில் விமானம் ஏறப்போவதாக அப்போதுதான் போனில் சொல்லியிருந்தாள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்து சேர்வதற்குள் இங்கே ஒரு பகல் போய் ஓர் இரவும் போய்விடும்.

அசுந்தா அழவில்லை. இருட்டினால்தானே என்று, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற பெரிய பானையைப் பரணிலிருந்து இறக்கி அடுப்பில் வைத்தாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாக அந்தப் பானையைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் பெரிய பானையை இறக்கினாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் மணிக்கூண்டு உச்சிப்பொழுதை அடித்தபோது நஜாரேனோவின் ஜன்னலுக்குக் கீழே தெரு நெடுக மேசைகளைக் கொண்டுவந்து போட்டு, அவர் நின்று ஏற்றிக்கொண்ட அத்தனை பேரும், பேனா மறந்த பிள்ளை இப்போது நரைத்த தலையோடும், கோழியைத் துரத்தியவன் கைத்தடியோடும், வண்டிக்குள்ளேயே பிறந்துவிட்ட ரொட்டிக்காரர் மகள் தன் பிள்ளைகளோடும், வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படியொரு சாப்பாடு அந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை. பாஸ்தா முடிந்து அவரை வந்தது, அவரை முடிந்து கத்தரிக்காய் வந்தது, கத்தரிக்காய் முடிந்து கீரை வந்தது, கீரைக்குப் பிறகு சீஸும் பேரிக்காயும் வந்தன, வால்நட்டுகளை உடைத்து உடைத்துப் பருப்பை ஊசியால் நோண்டித் தின்றார்கள், வயிறு நிறைந்துபோனவர்கள் கொண்டைக்கடலையைத் தோல் உரித்து, பாதியாகப் பிளந்து, ஒரு பாதியைத் தின்றுவிட்டு மறுபாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வடிவு மாடிக்குப் போய்ப் பெட்டிக்குள்ளிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துவந்து, அசுந்தாவின் அரிசியை உதிரி உதிரியாக வடித்து, ஒரு பெரிய தாம்பாளம் நிறையப் புளியோதரை கிளறிக் கொண்டுவந்து வைத்தாள். காரம் தாங்காமல் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு வாய்க்கும் மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார்கள், அதிலேயே வெகுநேரம் ஓடியது. ஜன்னல் வெயில் நஜாரேனோவின் போர்வை மேல் விரித்துப் போட்ட கைக்குட்டைபோல் ஒரே இடத்தில் கிடந்தது. கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மதிலோரம் போய் எட்டிப் பார்த்தால் கீழே பள்ளத்தாக்கு இருட்டிக் கிடந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. இங்கே தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். பிள்ளைகள் மேசை மேலேயே தலைவைத்துத் தூங்கினார்கள். பெரியவர்களும் மனிதர்கள்தானே, கண் சொருகி, கை தானாக ரொட்டியை எடுத்துத் தட்டைத் துடைத்து வாயில் போட்டுக்கொள்ள, ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். தாக்குப்பிடித்து முழித்திருந்தவர்களும் இனி ஒரு பருக்கைகூட இறங்காது என்று தட்டைத் துடைத்துவிட்டுச் சாய்ந்தார்கள். கடைசியில் மிச்சமிருந்தது இரண்டே தட்டு. ஒன்று கோமதிநாயகத்துடையது, ஒன்று வடிவுடையது. ராத்திரி டூட்டி பார்த்துப் பழகிய உடம்பு அவருக்கு, கண் மூடவில்லை. அவளும் ஏனோ தூங்கவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு அவரை விதையாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏங்க" என்றாள் வடிவு.

"ம்."

"எங்க அப்பா செத்த அன்னைக்கு வேப்பங்குளம் வண்டிக்கு நான் ஓடி வந்தேன்லா."

"ஆமா."

"நான் ஓடி வந்தத நீங்க பாத்தீகளா?"

ஒரு பொய் போதும், இத்தனை வருஷம் சொல்லாமலே செல்லுபடியான பொய். ஆனால் நகராத அந்த வெயிலில், எழுந்து போக ஒரு வேலையும் இல்லாமல், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பாத்தேன்."

"பாத்துட்டா ஊதினீக?"

"நேரம் ஆயிட்டு வடிவு. பொண்டாட்டிக்காக வண்டிய நிறுத்தினான்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுன்னு..." அதற்கு மேல் அந்தக் காரணம் அவருக்கே பிடிக்கவில்லை. "பாத்துட்டுத்தான் ஊதினேன்."

வடிவு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "பாக்கலன்னு நெனச்சுல்லா இத்தன வருசம் உங்களுக்குச் சோறு போட்டேன்" என்றாள். பிறகு ரொட்டியை எடுத்துத் தன் தட்டைச் சுத்தமாகத் துடைத்துத் தின்றுவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஊரில் அவர் தட்டு மட்டும்தான். பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது, எழுந்தால் மதில் மேல் உட்கார்ந்திருக்கிற பூனை இறங்கி வந்துவிடும். தட்டை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். தூங்குகிறவர்களுக்கு நடுவில் யாருக்கும் கேட்காமல் அழுதார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது, வடிவு திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு கரண்டி குழம்பும் ஒரு ரொட்டித் துண்டும் இருந்தன. குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள், ரொட்டியைப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தப் புள்ள வந்து சேருத வரைக்கும் முடிச்சிராதீக" என்றாள். "ஒரு வண்டியாவது நிக்கட்டும்."

எதிரே போய் உட்காராமல் அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் குழம்பை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார், ரொட்டியைத் தொடவில்லை.

கீழே பள்ளத்தாக்கில் விடிந்தது, ரயில் வந்து போனது. பிறகு கல் தெருவின் அடியிலிருந்து பெட்டிச் சக்கரம் கடகடவென்று உருளும் சத்தம். தலை கலைந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஒரு பெண் ஓடி வந்தாள். அவள் ஓடி வருவதைக் கோமதிநாயகம் பார்த்தார், தெருவின் முனையிலிருந்து கடைசி மேசை வரைக்கும் முழுவதுமாகப் பார்த்தார். அவள் பெட்டியை அவர் காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே அசுந்தாவின் குரல் உடைந்தது, அப்புறம் நஜாரேனோவின் இருமல், அந்த இருமலுக்கு நடுவே அவருடைய சிரிப்பு.

தூங்கியவர்கள் எழுந்துகொண்டார்கள். எழுந்து, சூரியனைப் பார்த்துவிட்டு, கோமதிநாயகத்தின் தட்டைப் பார்த்துவிட்டு, அவரைச் சுற்றி நின்றார்கள். உள்ளே அப்பாவும் மகளும் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் பாட்டுப் போல ஏதோ ஒன்று கேட்டது, பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. ஊர் அப்படியே நின்றது. இப்படியே எத்தனை நாள் வேண்டுமானாலும் இந்த ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியும் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. அப்போது ஃபாதர் இஞ்ஞாசி உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணாச்சி, நஜாரேனோ உங்களுக்கு ஒரு சேதி சொல்லி விட்டிருக்காரு. ரொம்பக் களைப்பா இருக்காம். எல்லாரும் ஏறியாச்சாம். டைம் கீப்பர் விசில் ஊதட்டும்னு சொல்லுதாரு."

வேலைக்காலம் முழுக்க யோசிக்காமல் செய்த காரியம்தான். "என்னால முடியாது சாமி" என்றார்.

ஜன்னலுக்குள் லூச்சியா அப்பாவின் தலையணையிலேயே தன் தலையையும் சாய்த்துக்கொண்டு கிடப்பது தெரிந்தது. கோமதிநாயகம் அந்த ரொட்டித் துண்டை எடுத்தார், இரண்டாகப் பிய்த்தார், இரண்டாலும் தட்டைச் சுத்தமாகத் துடைத்தார். ஒரு பாதியை வடிவின் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ சொல்லும்போது போகட்டும்" என்றார்.

தன் பாதியை அவர் வாயில் போட்டு விழுங்கினார். சூரியன் அசையவில்லை. ஊரே வடிவின் கையைப் பார்த்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள், லூச்சியாவைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள்; பிறகு ரொட்டியை வாயில் வைத்து, அவசரமே இல்லாமல் மென்றாள். அவள் மென்று முடிக்கிற வரைக்கும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கை கழுவ எழுந்திருக்கவுமில்லை.

அவள் விழுங்கினாள். நஜாரேனோவின் போர்வை மேல் கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து, கட்டிலின் விளிம்புக்கு வந்து, தரையில் இறங்கியது. எப்போதும் ஓடுகிற சூரியன் அன்றைக்கு நடந்துதான் போனது.